அளவு சரி, கண்தான் தவறு

கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று ஒருவன் தன் ஆயுளில் யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. நடுவில் மூக்கு இருக்கிறது, அது போதும் என்றுதான் நிதானமும் ஐம்பது வயது வரை நினைத்திருந்தார். நிதானம் என்பது அவருக்கு டிப்போவில் வைத்த பெயர். பஸ் ஓட்டுகிறவர். தெருநாய் குறுக்கே வந்தாலும் வண்டியை நிறுத்தி வழிவிட்டு, அது பத்திரமாக அந்தப் பக்கம் போய்விட்டதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கியரை மாற்றுவார். அவர் பஸ்ஸில் ஏறினால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது, ஆனால் போய்ச் சேரலாம் என்று பயணிகள் சொல்வார்கள்.

அந்த வருஷம் டிப்போ டாக்டர் எல்லா ஓட்டுநர்களையும் நிற்க வைத்துச் சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். நிதானம் முதல் இரண்டு வரிகளைக் கம்பீரமாகப் படித்தார். மூன்றாவது வரியை யூகித்தார். நான்காவது வரி ஒன்று இருப்பதே தெரியாமல் "அவ்வளவுதானே டாக்டர்?" என்று கேட்டார். தூரப் பார்வை மங்கிவிட்டது, கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். மாதக் கடைசிக்குள் கண்ணாடியோடு வராவிட்டால் பஸ் கழுவும் பிரிவுக்கு மாற்றிவிடுவதாக டிப்போ மேலாளர் சொன்னார். கழுவுகிற வேலையைக் கேவலம் என்று நிதானம் நினைக்கவில்லை. ஆனால் ஓய்வு பெறுகிற நாள்வரை அந்த ஓட்டுநர் இருக்கையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய ஆசை. ஆசை என்று பார்த்தால் அது அப்படி ஒன்றும் பேராசை இல்லை.

தெருமுனையில் இருந்த கண்ணாடிக் கடைக்காரர் பவர் சீட்டைப் பார்த்தார், ஒரு பிரேமை எடுத்து நிதானத்தின் முகத்தில் வைத்துப் பார்த்தார், பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். லென்ஸின் நடுப்புள்ளி கண்ணின் கருமணிக்கு நேரே வந்தாக வேண்டுமாம். அதற்கு இரண்டு கருமணிகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளக்க வேண்டுமாம். அதை அவர் அளந்தால் கடையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களாம். அந்த உரிமை விழியிடைத் தூர நிர்ணய வாரியம் ஒன்றுக்குத்தான் உண்டு, அங்கே அளவுச் சீட்டு வாங்கி வந்தால் மறுநாளே கண்ணாடி தயார் என்றார். மேசைமேல் ஒரு சின்ன அளவுகோல் கிடந்தது. நிதானத்தின் பார்வை அதன்மேல் விழுந்ததும் கடைக்காரர் அதைக் கள்ளச் சரக்கு மாதிரி இழுப்பறைக்குள் தள்ளி மூடினார்.

மனிதன் முகத்தில் இருக்கிற இரண்டரை அங்குலத்தை அளப்பதற்கு வாரியம் ஐந்து மாடி கட்டி வைத்திருந்தது. கீழ்த்தளத்தில் வந்த காரணம் கேட்டார்கள். கண்ணாடிக்கு அளவு எடுக்க என்றதும், வேறு எதற்காவது வந்திருக்கிறாரா என்று இன்னொரு தடவை கேட்டார்கள். இரண்டாம் மாடியில் மூக்குப் பிரிவு. மூக்கு இரண்டு கண்களுக்கும் இடையில்தான் இருக்கிறது என்று அங்கே முத்திரை வாங்காமல் மேலே ஏற முடியாது. மூக்குப் பிரிவு அதிகாரி நிதானத்தின் முகத்தை நெடுநேரம் உற்றுப் பார்த்தார், பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார், பிறகு இருவரும் ஒருமனதாக, நடுவில்தான் இருக்கிறது என்று முடிவுசெய்தார்கள். நிதானத்துக்கு உள்ளூர ஒரு நிம்மதி. அதுவரை இல்லாத கவலையை அரைமணி நேரத்தில் உண்டாக்கித் தீர்த்தும் வைத்துவிட்டார்கள்.

மூன்றாம் மாடிதான் அளவைக் கூடம். உள்ளே போனதும் ஒரு மணி அடித்தது. வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் பட்டுத் துணி விரித்த தட்டில் ஒரு பிளாஸ்டிக் அளவுகோலை ஏந்தி வந்தார். பள்ளிக்கூடப் பையன்களின் பையில் இருக்குமே, அதே அளவுகோல்தான். எதிரே அளவர் உட்கார்ந்தார். சீருடையில் பொத்தான் பளபளத்தது. அளவருக்குப் பக்கத்தில், உயரமான ஒரு நாற்காலியில் இன்னொருவர் ஏறி உட்கார்ந்து, நிதானத்தைப் பார்க்காமல் அளவரின் முகத்தையே முறைக்கத் தொடங்கினார். அவருக்கு இமைச் சாட்சி என்று பதவி. அளவரின் இமை ஏதாவது தனியாக மூடுகிறதா என்று பார்ப்பது அவர் வேலை.

இந்தப் பதவி வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். கருமணித் தூரத்தை ஒழுங்காக அளக்க ஒரு வழிதான் இருக்கிறது. அளப்பவர் எதிரே உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒரு கருமணிக்கு நேரே கோலை வைக்க வேண்டும், பிறகு அந்தக் கண்ணைத் திறந்து மற்றதை மூடி அடுத்த கருமணியைப் படிக்க வேண்டும். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தால் கோடு இங்கே ஒன்றும் அங்கே ஒன்றுமாக நழுவும். வாரியமும் ஒரு காலத்தில் அப்படித்தான் அளந்துகொண்டிருந்தது. ஒருநாள் ஒரு மேலதிகாரியின் மனைவி அளவுக்கு வந்தார். அளவர் கோலை வைத்து ஒரு கண்ணை மூடினார். அம்மையார் வீட்டுக்குப் போய், வாரியத்தில் ஒருவன் தன்னைப் பார்த்துக் கண்ணடித்தான் என்று கணவரிடம் சொன்னார். மேலதிகாரி குதித்தார். குழு கூடியது. ஒரு கண்ணை மூடாமல் சரியாக அளக்க இயலாது என்பதைக் குழு மனமார ஒப்புக்கொண்டது. ஆனால் அளவு பிசகினால் ஒரு முகத்தோடு போயிற்று, கண்ணியம் பிசகினால் வாரியத்தோடு போய்விடும் என்று தீர்ப்புச் சொல்லி, விதி எழுதியது. அளக்கும் வேளையில் அளவர் எந்தக் கண்ணையும் தனியே மூடலாகாது. மூடித்தான் தீர வேண்டுமென்றால் இரண்டையும் சேர்த்து மூடலாம். சில அளவர்கள் இந்தச் சலுகையைப் பயன்படுத்திக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்கு மேல் இரண்டையும் மூடியே அளந்து வந்தார்கள்.

நிதானம் காலையிலேயே போயிருந்ததால் திறந்த கண்களாலேயே அளக்கப்பட்டார். அளவர் இமை கொட்டாமல் பார்த்தார். கண்ணில் நீர் கோத்தது. கோல் கொஞ்சம் இடப்பக்கம் போயிற்று, அப்புறம் வலப்பக்கம் வந்தது. "அம்பத்தொன்பது மில்லிமீட்டர்" என்று அறிவித்தார். "இமை அசையவில்லை" என்றார் சாட்சி. மறுபடி மணி அடித்தது, கோல் தட்டில் ஏறி உள்ளே போயிற்று.

மறுநாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். தெரு எழுந்து வந்தது. விளக்குக் கம்பம் ஒன்று இருந்த இடத்தில் அதனுடைய தம்பியும் நின்றான். எழுத்தெல்லாம் பளிச்சென்றுதான் தெரிந்தது, ஆனால் ஒவ்வொரு பலகையும் இரண்டிரண்டாகத் தெரிந்தது. நெற்றிப் பொட்டில் யாரோ திருகாணியை முறுக்குவது போல வலித்தது. வீட்டுக்குள் வரும்போது, இல்லாத படி ஒன்றில் காலைத் தூக்கி வைத்தார். "என்னங்க, வெள்ளத்துல நடக்கிற மாதிரி நடக்கிறீங்க" என்றாள் மனைவி. புதுக் கண்ணாடி, பழக வேண்டும் என்றார். அவள் கொடுத்த தண்ணீரை வாங்கச் செம்புக்கு ஒரு சாண் தள்ளிக் கையை நீட்டினார்.

பழகவில்லை. முதல் நாளே எதிரே இரண்டு பஸ் நிறுத்தங்கள் தெரிய, எது நிஜமோ அதன் ஓரமாய் நிறுத்தியதாக நினைத்து நிறுத்தினார். கண்டக்டர் ஓடி வந்தார். எப்போது பார்த்தாலும் விசிலை வாயில் வைத்திருப்பதால் அவருக்கு விசில் என்றே பெயர். அதை எடுத்துவிட்டு அவர் பேசியது அபூர்வம். "அண்ணே, நாம ரோட்டுக்கு நடுவுல நிக்கிறோம்" என்றார். இறங்கிய பெண் ஒருத்தி படிக்கும் தரைக்கும் இருந்த தூரத்தில் தடுமாறி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். பையைத் தட்டிக்கொண்டு அவள் எழுந்து போகும்வரை நிதானம் கியரைத் தொடவில்லை. நாய்க்கு நின்றவர் அவர். இந்தக் கண்ணாடியைப் போட்டு ஓட்டினால் இன்றில்லாவிட்டால் நாளை ஒரு உயிர் போகும், போடாவிட்டால் இருக்கை போகும். இரண்டில் எதையும் அவரால் தாங்க முடியாது.

மறுபடியும் வாரியத்துக்குப் போனார். ஐந்தாம் மாடியில் ஐயம் தீர்க்கும் பிரிவு இருந்தது. மூன்று அதிகாரிகள் அவருடைய கண்ணாடியை வாங்கி மேசைமேல் வைத்தார்கள். கண்ணாடியைப் பார்த்துக் கண்ணடிப்பதற்குத் தடை எதுவும் இல்லாததால், மூவரும் மாறி மாறி ஒரு கண்ணை மூடி, லென்ஸ்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே இருந்த தூரத்தை அற்புதமாக அளந்தார்கள். அப்போது வாரியத் தலைவரே அந்தப் பக்கம் வந்தார். அவர் மூக்கு நுனியில் ஒரு தங்கக் கண்ணாடி இருந்தது. அதன் வழியே அவர் எதையும் பார்க்கவில்லை, எல்லாவற்றையும் அதற்கு மேலாகவே பார்த்தார்.

"கண்ணாடி அம்பத்தொன்பது" என்றார் தலைவர். "நம்ம பதிவும் அம்பத்தொன்பது. ரெண்டும் மயிரிழைகூடப் பிசகல. ஆனா இவருக்கு ரெண்டு ரெண்டாத் தெரியுது. அப்போ பிசகினது எது? பாக்கி இருக்கிறது ஒண்ணுதான்." மூன்று அதிகாரிகளும் நிதானத்தின் முகத்தைப் பார்த்தார்கள். "உங்களைக் குத்தம் சொல்லல. பொதுமக்கள் கண்ணு பொதுவாவே ஒழுங்கா அமையறதில்ல. வாரியம் இவ்வளவு துல்லியமா அளந்து கொடுத்தும் அதுக்குத் தகுந்தாப்பல நிக்க மாட்டேங்குது. எங்களுக்கு எவ்வளவு வருத்தமா இருக்கும்னு நீங்க யோசிச்சுப் பாருங்க."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடம் என்ன செய்யும், தலையைக் குனிந்துகொண்டு நின்றது. தன்னைத் திரும்ப ஒரு தடவை அளக்க முடியுமா என்று மட்டும் நிதானம் கேட்டார். திரும்ப அளந்து வேறு எண் வந்தால் முதல் எண் தவறு என்றாகும், அதே எண் வந்தால் திரும்ப அளந்தது வீண் என்றாகும், இரண்டுக்குமே விதியில் இடமில்லை என்று விளக்கி, விழி ஒத்துழைப்புப் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

பயிற்சி மண்டபத்தில் வாரியக் கண்ணாடி போட்ட கூட்டம் நிறைந்திருந்தது. கணக்கு வாத்தியார், சமையல்காரர், கல்யாணமாகிப் புதிதாக வந்திருந்த ஒரு தம்பதி என்று பலதரப்பட்டவர்கள். அந்தப் பெண்ணுக்கு இரண்டு கணவன்மார் தெரிந்ததில் பெரிய வருத்தம் இருந்ததாகத் தோன்றவில்லை. பயிற்சியாளர் மேடையேறி ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். இரண்டு என்றவர்களைப் பின் வரிசைக்கு அனுப்பினார், ஒன்று என்றவர்களை முன் வரிசையில் உட்கார வைத்தார். முன் வரிசைக்கு நாற்காலி, பின் வரிசைக்குத் தரை. மாலைக்குள் எல்லோருடைய பார்வையும் தேறிவிட்டது. கணக்கு வாத்தியார்தான் கடைசிவரை முரண்டு பிடித்தார், இடுப்பு வலி வந்ததும் அவரும் ஒன்று என்றார்.

"தெரியறதைச் சொல்லாதீங்க. இருக்கிறதைச் சொல்லுங்க. அதுதான் ஒத்துழைப்பு" என்றார் பயிற்சியாளர்.

நிதானம் கை தூக்கினார். "விரல் ஒண்ணுதான்னு தெரியும் சார். ரோட்டுல எதிரே ரெண்டு லாரி வந்தா அதுல எது இருக்கிறதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

ஓட்டுநர்களுக்கான பாடத்திட்டம் இன்னும் அச்சில் இருக்கிறது என்று பயிற்சியாளர் சொல்லி, தேர்ச்சிச் சான்றிதழைக் கையில் கொடுத்தார்.

வெளியே வந்தால் டீக்கடையில் அவரை அளந்த அளவரே நின்றுகொண்டிருந்தார். சீருடைமேல் ஒரு துண்டைப் போர்த்தியிருந்தார். நிதானத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். நல்ல மனுஷர்தான். ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு மெல்லப் பேச ஆரம்பித்தார். அம்பத்தொன்பது தப்பு என்று கோலை வைக்கும்போதே தெரியும் என்றார். வாரியத்தில் அது தெரியாத ஆளே இல்லை என்றார்.

"என் பொண்ணுக்கு நானே அளந்தேன். வீட்டுக் கதவைத் தாப்பா போட்டுட்டு, ஒரு கண்ணை மூடி, ஒழுங்கா அளந்தேன். கடைக்காரர்கிட்ட காதோட காதா அந்த நம்பரைச் சொன்னேன். வாரியச் சீட்டுல வேற நம்பர்தான் இருக்கும். இருந்துட்டுப் போகட்டும்."

அதேபோல் தனக்கும் ஒரு தடவை அளந்துவிடுங்கள் என்று நிதானம் கெஞ்சினார். அளவர் பதறிப்போய் அக்கம்பக்கம் பார்த்தார். "தெருவுல நின்னு உங்களைப் பார்த்து ஒரு கண்ணை மூடச் சொல்றீங்களா? நான் குடும்பஸ்தன் சார்." டீக்கு இரண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். ஊர் முழுக்க இரண்டிரண்டாகப் பார்த்துத் தடுக்கி விழுந்துகொண்டிருக்க, இந்தக் கட்டடத்தில் வேலை பார்க்கிறவர்களின் வீட்டில் மட்டும் எல்லாம் ஒன்று ஒன்றாகத்தான் தெரிகிறது என்பது நிதானத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

இதற்குள் வாரியத்துக்கு ஆண்டு விழா வந்துவிட்டது. ஊருக்கு வெளியே, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆறு மாடிகளோடு புதுக் கட்டடம் திறக்கிறார்கள். அதிகாரிகளை ஏற்றிப்போக டிப்போவிடம் பஸ் கேட்டார்கள். வாரியக் கண்ணாடியும் வாரியச் சான்றிதழும் உள்ள ஓட்டுநராகப் பார்த்து அனுப்பவேண்டும் என்பது தலைவரின் உத்தரவு. மேலாளர் நிதானத்தைக் கூப்பிட்டார். தன்னால் இந்தக் கண்ணாடியோடு ஓட்ட முடியாது என்று நிதானம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "அப்போ பக்கெட்டை எடுத்துக்கங்க" என்று மேலாளர் கழுவும் பிரிவைக் கைகாட்டினார். நிதானம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

மூக்குப் பிரிவு, இமைச் சாட்சிகள், ஐயம் தீர்க்கும் மூவர், பயிற்சியாளர் என்று பஸ் நிறைந்தது. நம்முடைய அளவர் கடைசி இருக்கையில் பதுங்கியிருந்தார். வண்டி கிளம்பியதும் தலைவர் ஓட்டுநருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று பேசத் தொடங்கினார்.

"நண்பர்களே, நம்ம வேலை என்ன சாதிச்சிருக்குன்னு சிலர் கேக்கிறாங்க. பதில் இதோ முன்னால உக்காந்திருக்கு. இந்த ஓட்டுநர் முகத்துல இருக்கிறது நம்ம அளவு. இவர் பயிற்சில தேறினது நம்ம பயிற்சி. இன்னைக்கு இவர் பார்க்கிற உலகம் நம்ம வாரியம் படைச்சுக் கொடுத்த உலகம்."

எல்லோரும் கை தட்டினார்கள். பஸ் மெல்ல ஊர்ந்து ஆற்றங்கரைக்கு வந்தது. பாலம் ஒடுக்கமானது, கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான். கீழே மழைக்காலத்து ஆறு சுழித்துக்கொண்டு ஓடியது. நிதானம் வண்டியைப் பாலத்து வாயில் நிறுத்தித் திரும்பினார். அவர் குரலில் கிண்டல் எதுவும் இல்லை. அவருக்குக் கிண்டல் பண்ணவும் தெரியாது.

"ஐயா, எனக்கு ரெண்டு பாலம் தெரியுது. எதுல போகட்டும்?"

தலைவர் பாலத்தைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார். பயிற்சியாளர் எழுந்து, தெரிவதைச் சொல்லாமல் இருப்பதைச் சொல்லும்படி நினைவூட்டினார். ஒன்று இருப்பது தெரியும், அது இடதா வலதா என்பதுதான் தெரியவில்லை என்று பணிவாகச் சொல்லிவிட்டு, பயிற்சியில் ஒன்று என்று சொன்னதுபோலவே இடது பாலத்தை நம்புவதாக அறிவித்து நிதானம் கியரைப் போட்டார். வண்டி உறுமியது.

"கண்ணாடியைக் கழட்டுய்யா" என்றார் தலைவர்.

"கழட்டினா ஸ்டியரிங்கைத் தொடக்கூடாதுன்னு உத்தரவுங்க."

"உத்தரவு போட்டவன் நான்தான்யா, கழட்டு. எம்புள்ளைங்க சின்னப் புள்ளைங்க."

பின்னாலிருந்து பஸ் முழுவதும் ஒரே குரலில் கழட்டச் சொன்னது. ஐயம் தீர்க்கும் மூவருக்கும் ஐயம் எதுவும் இருக்கவில்லை. நிதானம் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார். பாலம் மங்கலாக, புகை மூடியது போலத் தெரிந்தது. ஆனால் ஒன்றாகத் தெரிந்தது. நத்தை வேகத்தில் அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அன்று வீட்டுக்கு வந்தபோது அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. தலைவரே தன் வாயால் கழட்டு என்று சொல்லிவிட்டார், இனி எல்லாம் சரியாகிவிடும், எல்லோருக்கும் திரும்ப அளந்துவிடுவார்கள் என்று மனைவியிடம் சொன்னார். சொல்லிக்கொண்டே இருந்தார்.

அடுத்த வாரம் மேலாளர் கூப்பிட்டு, எழுந்து நின்று கை கொடுத்தார். வாரியத்திலிருந்து அவசர உத்தரவு வந்திருந்தது. பயணிகள் பாதுகாப்பில் இனி துளியும் சமரசம் கிடையாதாம். ஆகையால் வாரிய அதிகாரிகளும் அவர்கள் குடும்பத்தாரும் ஏறும் பஸ்ஸை, வாரிய அளவுப்படி செய்த கண்ணாடி அணியாத ஓட்டுநரே ஓட்ட வேண்டும். அந்தப் பஸ்ஸுக்கு ஓய்வு பெறும்வரை நிதானம்தான் நிரந்தர ஓட்டுநர். மற்றப் பஸ்களில் நாற்பது தாண்டிய அத்தனை ஓட்டுநர்களும் வாரியக் கண்ணாடியோடுதான் ஓட்ட வேண்டும், கழற்றினால் வேலை போகும். "நெனச்சது கெடச்சிருச்சு. உங்க சீட்டை இனி யாரும் அசைக்க முடியாது" என்றார் மேலாளர்.

உண்மைதான். ஆசைப்பட்டது அப்படியே கிடைத்துவிட்டது. நிதானம் பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மனைவிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பழத்தை நறுக்கிக்கொண்டே, அப்படியென்றால் அவருடைய பழைய பஸ்ஸை இனி யார் ஓட்டுகிறார்கள் என்று கேட்டாள். சலவைக் கடை வேலைக்கு அவள் தினமும் போய் வருவது அதில்தான். வண்டியைப் பறக்கவிடுகிற ஆள் ஒருவர் இருக்கிறார், அவருக்கு நேற்றுத்தான் கண்ணாடி வந்தது என்றார் நிதானம். சொன்ன பிறகு அவர் கை பழத் துண்டோடு அப்படியே நின்றது.

"நாளைலேருந்து நீ நடந்தே போயிடு" என்றார்.

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "நான் நடந்துடுவேங்க. ஸ்டாப்புல என்னோட நிக்கிறவங்களுக்கு யார் சொல்றது?"

நிதானம் பழத் துண்டைத் தட்டில் வைத்தார். மறுநாள் காலை வாரிய அதிகாரிகளை ஏற்றிக்கொண்டு அந்த நிறுத்தத்தைத் தாண்டிப் போனார். ஓரமாகக் கூட்டம் நின்றது. யாரோ கை காட்டினார்கள், பழக்கத்தில் கால் பிரேக்குக்குப் போய்த் திரும்பியது. கண்ணாடி இல்லாததால் யார் முகமும் தெரியவில்லை. அதற்காக வாரியத்துக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டே ஓட்டினார்.